பென்சனுக்குப் பிறகு ஊரில் என்ன செய்யலாம்? ரீச்சரிடம் கேட்டவையும் அவர் சொன்னவையும்

மூதூர்ப் பக்கத்தில் நெடுங்காலம் படிப்பித்து, வளர்ந்தோருக்கான முறைசாராக் கல்வி வகுப்புகளும் நடத்தி ஓய்வுபெற்றவர் இவர். இப்போது தன் கிராமத்து முதியோர் சங்கத்தின் செயலாளர். ஊரே ‘ரீச்சர்’ என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே விட்டுவிட்டோம். திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் அவருடைய பதில்களும் கீழே.

தம்பலகாமத்திலிருந்து ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர்: எங்கள் ஊரில் முதியோர் சங்கம் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் இருக்கிறார்கள். உலர் உணவுப் பொதி கொடுக்கிற நாளிலும், ஒக்டோபர் 1 முதியோர் தினத்திலும் மண்டபம் நிறையும். மற்ற நாளெல்லாம் கதிரைகள் மட்டும்தான். இதற்கு எப்படி உயிர் கொடுப்பது?

ஐயா, ‘கூட்டம்’ என்று கூப்பிட்டால் அப்படித்தான் நடக்கும். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள், கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு யார் வருவார்? ஆளுக்கொரு வேலை கொடுத்துப் பாருங்கள். வயதானவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் பார்த்த அளவில், தன்னை ஒருவரும் தேடுவதில்லை என்பதுதான் அவர்களுடைய பெரிய குறை.

உங்களிடமிருந்தே தொடங்கலாம். தபால் கந்தோரில் இருந்தவருக்குப் படிவம் நிரப்பத் தெரியும். வாரத்தில் ஒரு காலை வாசிகசாலை விறாந்தையில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். வங்கிப் படிவம், காணிக் கடிதம், பேரப்பிள்ளையின் பாடசாலை விண்ணப்பம் என்று ஊர் உங்களைத் தேடி வரும். பக்கத்துக் கதிரையில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பிரஷர் பார்க்கட்டும். வரிசையில் காத்திருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், கதைக்கத் தொடங்குவார்கள். சங்கம் அங்கேதான் பிறக்கும்.

அப்புறம், நாளையும் நேரத்தையும் ஒருபோதும் மாற்றாதீர்கள். நாலு பேர் வந்தாலும் நடத்துங்கள். ‘இன்றைக்கு இருக்குமோ இல்லையோ’ என்ற சந்தேகம் வந்துவிட்டால், முழங்கால் நோவோடு அரை மைல் நடந்து வருகிற மனுஷி அடுத்த வாரம் வரமாட்டார். உங்கள் பக்கத்தில் பெரும்போக விதைப்பு நாட்களிலும் அறுவடையிலும் ஆண்கள் குறைவார்கள், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அரசாங்க உத்தியோகத்தருக்கு 60 வயதில் ஓய்வு. வயல்காரனுக்கு அப்படி யார் கடிதம் கொடுத்தது? எழுபதிலும் வரம்பு கட்டுகிறவர் ஓய்வுபெற்றவர் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று, மாலையில் வைத்தால் இருட்டுவதற்கு முன் எல்லாரும் வீடு சேர வேண்டும். யானை வருகிற பாதை எது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குச்சவெளியிலிருந்து ஒரு மகள்: அப்பா கடற்தொழில் செய்தவர். இப்போது கடலுக்குப் போவதில்லை. காலையிலிருந்து வாடியடியில் தனியே இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சங்கத்துக்குப் போகச் சொன்னால், “அது பென்சன்காரருக்கு” என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது பிள்ளை. நம் சங்கங்களில் முன்வரிசை எப்போதும் முன்னாள் அதிபருக்கும் முன்னாள் கிளாக்கருக்கும்தான். மீன்பிடித்தவர் பின்னால் நிற்பார்.

அவரைச் சங்கத்துக்குக் கொண்டுவர முயற்சி செய்ய வேண்டாம், சங்கத்தை வாடியடிக்குக் கொண்டுபோங்கள். வலை பொத்தத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாடசாலை விடுமுறையில் ஐந்தாறு பொடியன்களை அவரிடம் அனுப்பி, கண்ணி போடப் பழக்கச் சொல்லுங்கள். கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளும் அவருக்குத் தெரிந்திருக்கும். எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், கச்சான் அடிக்கும்போது கடல் எப்படி இருக்கும், வாடைக்கு எப்படி மாறும் என்பதெல்லாம் அந்தத் தலைக்குள் இருக்கிறது. கேட்க ஆள் இருந்தால் அவர் பேசுவார். ஒன்று மட்டும்: முதல் நாளே போனைத் தூக்கிப் பதிவு செய்யாதீர்கள். வாய் மூடிவிடும்.

ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு மாதர் சங்க உறுப்பினர்: ஆண்கள் மரநிழலில் கூடிவிடுகிறார்கள். வயதான பெண்கள் ஏன் வருவதில்லை?

அவர்களுக்கு நேரமில்லை. மகள் குவைத்திலோ கட்டாரிலோ இருப்பாள். மூன்று பேரப்பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க வார்த்து, சமைத்து, பள்ளிக்கு அனுப்புவது அறுபத்தைந்து வயது அம்மம்மா. அவரிடம் போய் ‘ஓய்வுக்காலச் செயற்பாடு’ என்று சொன்னால் சிரிப்பார்.

ஆகவே இன்னும் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு மூலையில் பாய் விரித்து, படித்த பிள்ளை ஒன்றைச் சம்பளம் கொடுத்தாவது அவர்களைப் பார்க்க வையுங்கள். நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை இருக்கட்டும். பள்ளிக்கு அனுப்பியும் ஆகிவிடும், உலை வைக்கவும் நேரம் இருக்கும். கையில் ஏதாவது வேலை இருந்தால் பெண்களுக்கு வருவது எளிது: பெட்டி இழைத்தல், பாய் பின்னுதல், பழைய சேலையில் தலையணை உறை தைத்தல். சும்மா போய் இருக்கிறாள் என்று ஊர் சொல்லாது பாருங்கள். அதுவும் ஒரு காரணம்தான்.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: தமிழ், முஸ்லிம் ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முதியவர்கள் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா? பழைய சங்கடங்களும் இருக்கின்றனவே.

முடியும் நானா. ஆனால் ‘நல்லிணக்கம்’ என்று பதாகை கட்டினால், பதாகைக்கு முன்னால் படம் எடுத்துவிட்டு எல்லாரும் போய்விடுவார்கள். பொதுவான நினைவிலிருந்து தொடங்குங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதற்கு முன் ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறி, வாகனத்தையும் ஏற்றி, தண்ணீரைக் கடந்த காலம் இரண்டு பக்கத்தாருக்கும் ஒன்றுதான். பாதையைத் தவறவிட்டு இரவு முழுக்கக் கரையில் கிடந்த கதை யாரிடம் இல்லை? 1964 டிசம்பர்ச் சூறாவளியை எடுங்கள். அப்போது பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டதை நினைவில் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். அவரிடம் முதலில் போங்கள், மற்றவர்கள் காத்திருக்கலாம்.

இதை எழுதி வையுங்கள், பேரப்பிள்ளைகளின் போனில் பதிவும் செய்யுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கிப் பாதுகாக்கிறது. வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறார்கள். ஒழுங்காகச் செய்த பதிவுக்கு அங்கே ஓர் இடம் கேட்டுப் பார்க்கலாம்.

2004 கடற்கோளும் போர்க்கால இடப்பெயர்வும் தானாகவே பேச்சில் வரும். வந்தால் கேளுங்கள், கிண்ட வேண்டாம். ஒருவர் நிறுத்தினால் தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்து வேறு கதைக்குப் போய்விடுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமையை விடுங்கள். ளுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் நல்ல இடைவெளி இருக்கிறது. ஆனால் அந்த வெயிலில் வயதானவர்களை நடக்க வைக்காதீர்கள், ஓட்டோவுக்குச் சங்கம் காசு கொடுக்கட்டும்.

நிலாவெளியிலிருந்து: முதியோர் அடையாள அட்டை எடுப்பது எப்படி?

60 வயது நிறைந்தவர்கள் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே முதியோர் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரைக் கேளுங்கள். என்ன கொண்டுவர வேண்டும் என்று அவரே சொல்லுவார். கிராம மட்ட முதியோர் குழுவைப் பதிவதும் அதே மேசையில்தான். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபை இருப்பதும் அதே சட்டத்தில்தான். இதைச் சங்கத்தில் ஒரு நாள் வாசித்துக் காட்டினால் போதும். யாருக்குத் தேவையோ அவர் தனியாக வந்து கேட்பார்.

சம்பூரிலிருந்து ஒரு தாத்தா: மகன் கனடாவிலிருந்து நல்ல போன் அனுப்பியிருக்கிறான். அவன் எடுத்தால் பேசுவேன். வேறு ஒன்றும் தெரியாது. பேரனிடம் கேட்டால் “குடுங்க தாத்தா, நான் செய்து தாறன்” என்று பறித்துவிடுகிறான்.

அதுதான் பிழை! எங்கள் போன் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்: சொல்லிக்கொடுப்பவரின் கை போனில் படக்கூடாது. வாயால் மட்டும் சொல்ல வேண்டும். பொடியன்களுக்குப் பைத்தியம் பிடிக்கும், பரவாயில்லை.

முதல் நாள் எழுத்தைப் பெரிதாக்கவும் ஒலியைக் கூட்டவும் மட்டும் பழகுங்கள். அடுத்த முறை வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது. தட்டச்சு செய்யத் தேவையில்லாததால் எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் அது கைகொடுக்கும். பிறகு நீங்களே மகனுக்கு அழைப்பு எடுப்பது. கனடா நமக்குப் பின்னால் இருக்கிறது, நம்முடைய மாலை அவர்களுக்குக் காலை. நேரம் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் நடுச்சாமத்தில் எழுப்பிவிடுவீர்கள். 1990ஐயும் போனில் பதிந்து வையுங்கள், அது இலவச அம்புலன்ஸ்.

ஒரு எச்சரிக்கை. லொத்தர் விழுந்திருக்கிறது, பார்சல் வந்திருக்கிறது, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது எடுத்து, போனுக்குக் குறுஞ்செய்தியில் வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டால் கட் பண்ணிவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று யோசிக்கவே வேண்டாம். நம் தலைமுறை மாட்டுவது அந்த மரியாதையில்தான்.

வெருகலிலிருந்து: எனக்குக் கண் சரியில்லை. வாசிக்க முடியாது. படிப்பு என்றால் இனி எனக்கு என்ன இருக்கிறது?

கோயிலில் புராணப் படிப்பு எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள் ஐயா. ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார், அதாவது பொருளை விளக்குவார், மற்ற எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கேட்டவர்களில் பாதிப்பேருக்கு எழுத்தே தெரியாது, ஆனால் கந்தபுராணத்தில் அவர்களை மடக்க முடியாது. அதையே இன்றைய பேப்பருக்குச் செய்யுங்கள். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை ஒருவர் வாசிக்கட்டும். பயன் சொல்வது நீங்கள். அரசியல் பகுதியில் சண்டை வரும். வரட்டுமே, மூளைக்கு நல்லது.

கண்ணை ஒருமுறை காட்டினீர்களா? வெண்புரை என்றால் சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் பார்வை திரும்பும். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

கந்தளாயிலிருந்து: உடற்பயிற்சி செய்யச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

பயிற்சி என்று சொல்லாதீர்கள். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழும்பட்டும், யார் எழும்புகிறார் என்று போட்டி வையுங்கள். கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி நிற்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 65க்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், மூன்று நாட்கள் சமநிலைப் பயிற்சியையும் சொல்கிறது. தோட்டம் கொத்துவதும் அந்த 150இல் சேரும். சமநிலைதான் நாம் கவனிக்காதது. கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்தவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்.

மூதூரிலிருந்து ஒரு மருமகள்: சங்கத்தில் ஒருநாள் பயணம் போக யோசிக்கிறார்கள். மாமியை அனுப்பலாமா?

அனுப்புங்கள். ஏற்பாடு செய்பவர்களிடம் கழிவறை எங்கெங்கே நிறுத்துவது என்று மட்டும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பயணம் இன்னும் தயாராகவில்லை. கோணேசர் கோயில் என்றால் காலையிலேயே போய்விட வேண்டும். மலையேற்றமும் இருக்கிறது, மத்தியான வெயிலில் வெறுங்காலோடு கல்லில் நிற்கவும் முடியாது. கன்னியாவில் ஏழு கிணறுகளைச் சுற்றி நிலம் ஈரமாக இருக்கும், ஊன்றுகோல் வழுக்கும், ஆளுக்கொரு கை பிடிக்க இளசுகள் வேண்டும். சீனி வருத்தக்காரருக்கு மருந்தும் சாப்பாடும் நேரத்துக்கு. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். ஐந்து இடம் காட்டுகிற ஆசை வான்காரருடையது.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: எங்கள் இடத்தில் கடதாசி விளையாட்டுத்தான் நடக்கிறது. ரீச்சர் இதற்கும் ஆதரவா?

முந்நூற்றி நாலுக்கா? முழு ஆதரவு. 32 கடதாசி. குலாமுக்கு 30 புள்ளி, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரே சின்னம் உள்ள கடதாசிகள் ஒரு சாதி; ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. எது போனது, எது இன்னும் வெளியே வரவில்லை, துரும்பு யாரிடம் என்று கணக்கு வைத்திருக்கிற மனிதருக்கு நான் வேறு என்ன ஞாபகப் பயிற்சி கொடுக்க? நாலு பேரில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூன்று பேரும் அவர் வீட்டுக்கே போய்ப் படலையைத் தட்டுவார்கள். அது எந்தச் சங்க யாப்பிலும் இல்லாத நல்ல விதி.

காசு வைத்து ஆடினால் மட்டும் நிறுத்துங்கள். பென்சன் நாளன்று ஆட்டத்தையே மூடிவிடுவது இன்னும் நல்லது. பெண்களுக்கும் ஒரு மேசை கொடுங்கள். எங்கள் ஊரில் இப்போது ஆட்டத்தில் கேள்வியைக் கூட்டிக் கேட்பது அவர்கள்தான்.