தொட்டி மாற்றிய போன்சாயைத் திடீர்ப் பனியிலிருந்து காப்பாற்றுவது எப்படி?

நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. தமிழில் கேட்டிருப்பதால் நம்ம பக்கம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். ஏதோ ஜப்பான் வீடியோ பார்த்துவிட்டு, தட்டில் குட்டையாக வளர்க்கிற மரத்துக்குத் தொட்டி மாற்றியிருப்பீர்கள். இப்போது ராத்திரி பனி இறங்குகிறதே என்று கவலை. நானும் அப்படிக் கவலைப்பட்டவன்தான். பனி என் மரத்தை ஒன்றும் செய்யவில்லை. பனிக்குப் பயந்து நான் செய்த காரியம்தான் செய்தது.

ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். உங்கள் ஊரில் உறைபனி நிஜம். ஆழமில்லாத தட்டில் இருக்கும் கைப்பிடி மண், தரையைவிடச் சீக்கிரம் உறையும். புதிதாக விட்ட வெள்ளை வேர்நுனி முழுக்கத் தண்ணீர், உறைந்தால் போச்சு. அந்த மாதிரி ராத்திரிகளில் ஷெட்டுக்குள் வைத்துவிட்டுக் காலையில் வெளிச்சத்துக்கு எடுத்து வையுங்கள். ஹீட்டர் போட்ட அறை மட்டும் வேண்டாம். கோடை வந்துவிட்டது என்று மரம் ஏமாந்து துளிர்த்துவிடும்.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். இங்கே தை மாத விடியற்காலையில்கூட 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். என்னிடம் ஒரு இச்சி மரம், ஆலமரத்துக்குச் சொந்தம். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது சுவர் இடுக்கிலிருந்து பிடுங்கி வந்தது. சிமெண்ட் தொட்டியில் எட்டு வருஷம் வளர்த்தேன். பிறகு ஆரோவில் பக்கம் ஒரு மண்பாண்டக் கடையில் நீல மெருகு போட்ட தட்டுத்தொட்டி ஒன்றைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. தொட்டி மாற்றுவதானால் குளிர்காலக் கடைசியில், மரம் வளராமல் தூங்கும்போது வேரை வெட்டு என்று ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டிருந்தது. நமக்கு மார்கழிதானே குளிர் என்று 2011 கிறிஸ்துமஸ் லீவில் உட்கார்ந்து மூன்றில் ஒரு பங்கு வேரை வெட்டினேன். வெட்டிய இடமெல்லாம் பால். தூங்குகிற மரமா அது? நம்மூர் இச்சி மார்கழியில் தூங்குவதில்லை என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

பனி படக்கூடாது என்று ஈரச் சாக்கு ஒன்றை மரத்தின் மேல் போர்த்தி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்தேன். நாலாம் நாள் ராத்திரி 'தானே' என்று பேர் வைத்த புயல். மற்ற பதினொரு தொட்டிகளையும் வீட்டுக்குள் இறக்கினேன். "ஏங்க, ஆளு படுக்க இடமில்ல, மரத்துக்குப் பாயா விரிக்கிறீங்க?" என்று வீட்டுக்காரி கத்தினாள். இச்சியை மட்டும் அசைக்கக்கூடாது, இப்போதுதான் வேர் வெட்டியது என்று மாடியிலேயே விட்டுவிட்டேன். 30ஆம் தேதி காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் புயல் கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த நாளில் என் ஒன்றரையடி மரம் நின்றுகொண்டிருந்தது! எல்லாரிடமும் பெருமையடித்தேன்.

பத்து நாளில் இலை வாடியது. அடிமரத்தைப் பிடித்து லேசாக ஆட்டினால், விழப்போகிற பால் பல் மாதிரி ஆடியது. அந்தச் சாக்கு காற்றில் பாய்மரமாகி, ராத்திரி முழுக்க மரத்தை ஆட்டியிருக்கிறது. துளிர்த்திருந்த வேர்நுனி எல்லாம் அறுந்து கிடந்தது.

இதைப் பார்த்ததுகூட மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான். அடுத்த தெருவில் ஒரு பெரிய மனிதர் வீடு, அங்கே ஆறாம் நாளே கரண்ட். எங்கள் தெருவுக்குப் பத்தொன்பது நாள். போய்க் கேட்டால் "கம்பம் வரலை சார்". கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இன்னும் ஆறவில்லை.

மரத்தை எடுத்துப் பாதி இலையைக் கழித்தேன். செங்கல் ஜல்லியும் ஆற்று மணலும் போட்டு ஆழமான மண் தொட்டியில் வைத்து, மேலே பிளாஸ்டிக் பை மூடி நிழலில் விட்டேன். உரம் எதுவும் போடவில்லை. மாசிக் கடைசியில் துளிர் வந்தது. இடது பக்கக் கிளை போனது போனதுதான்.

ஆகவே மூடுவதற்கு முன் மரத்தைத் தொட்டியோடு கட்டுங்கள். கொத்தனார்கள் கம்பி கட்டப் பயன்படுத்துகிற கட்டுக்கம்பி போதும். தொட்டியின் அடி ஓட்டை வழியாக மேலே கொண்டுவந்து, வேர்க்கட்டின் மேல் குறுக்கே போட்டு முறுக்குங்கள். கம்பி படுகிற இடத்தில் ரப்பர் துண்டு வையுங்கள். அடிமரத்தைப் பிடித்து ஆட்டினால் தொட்டியும் சேர்ந்து ஆட வேண்டும். பிறகு மூன்று வாரம் காற்றுப் படாத நிழல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது, இப்படிக் கட்டிய மரங்களை மாடிப்படிக்குக் கீழே தரையில் வைத்தேன். ஒன்றுகூட ஆடவில்லை.

மரத்தைச் சித்திரவதை செய்கிறீர்கள் என்று எழுதப் போகிறவர்களுக்கு: சுவரோடு இடிபட்டுக் குப்பைவண்டியில் போகவேண்டிய மரம் சார் அது. போன வருஷம் காய்த்தது. அந்த நீலத் தட்டில் இப்போது காக்காய்க்குத் தண்ணீர் வைக்கிறோம்.