தூரிகைப் பதில்கள்: உரிந்து விழும் பாலைப்பழம்

கேள்வி: பிளைவுட் பலகைக்கு எமல்ஷன் அடித்து, உருக்கிய மெழுகில் நிறத்தூள் கலந்து பாலைப்பழக் கொத்து வரைந்தேன். தேன்மெழுகு காணாமல் பாதிக்கு மெழுகுதிரி சேர்த்தேன். ஒரு மாதத்திலேயே செதில் செதிலாக உரிகிறது. குங்கிலியம் போட்டால் நிற்குமா? சாம்பிராணி ஆகாதா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, குங்கிலியம் இருக்கட்டும். முதலில் அந்த எமல்ஷனைச் சுரண்டி எடுங்கள். அதன்மேல் மெழுகு உட்காருமே தவிர உள்ளே இறங்காது. மரம் மெழுகைக் குடிக்க வேண்டும். எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய முக ஓவியங்களில் பல, மெல்லிய மரப்பலகையில் தேன்மெழுகால் வரைந்தவைதாம்.

மெழுகுதிரியில் பெரும்பாலும் இருப்பது பரஃபின் என்ற பெட்ரோலிய மெழுகு. ஆறினால் நொறுங்கும். வன்னியில் இருந்துகொண்டு தேன்மெழுகு காணவில்லை என்கிறீர்களே! தேன் எடுப்பவர்கள் பிழிந்து எறியும் வதையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பழைய சாரத்துணியில் வடித்தால், ஆறியதும் மெழுகு மேலே அடையாகப் படியும். அடையின் அடியில் ஒட்டிய கறுப்பைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள்.

சாம்பிராணி வேறு மரத்துப் பிசின். அதைச் சாமிக்கே விட்டுவிடுங்கள். ஓவியர்கள் டமார் என்று வாங்குவது குங்கிலியத்தின் உறவு. மருந்துச் சரக்குக் கடையில் பட்டையும் மண்ணும் கலந்துதான் தருவார்கள். கண்ணாடி போன்ற மஞ்சள் கட்டிகளாகப் பார்த்துப் பொறுக்குங்கள். 400 கிராம் மெழுகுக்கு 50 கிராம் போதும். கூடினால் ஓவியம் வெடிக்கும்.

தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். குங்கிலியம் கரைய 100 பாகைக்கு மேல் வேண்டும் என்பதால் கொதிநீருக்குள் சட்டியை வைத்துப் பயனில்லை. மின்னடுப்பில், வெளித் திண்ணையில் வைத்து, மெழுகு உருகியபின் பொடித்துத் தூவிக் கிளறுங்கள். புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். தாச்சியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்; மனைவியின் பால்தாச்சியில் ஒருமுறை காய்ச்சிவிட்டு, இன்றுவரை பேச்சு வாங்குகிறேன்.

கலவையைத் துணியில் வடித்து, 90 பாகைக்குக் கீழே இறக்கி வரையுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் ஹீட் கன் என்ற வெப்பக்காற்றுக் கருவியால் சூடு காட்டுங்கள்; மேற்பரப்பு நனைந்ததுபோல் மினுங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பூச்சுகள் ஒன்றையொன்று பிடிக்காது.

தகரச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்; வெயிலில் தகரம் சுட்டால் மெழுகு இளகிவிடும். பாலைப்பழம் முடியுமுன் தொடங்கினால் கொத்தைப் பார்த்தே வரையலாம்.