அவர் யார் பெயரையும் சொல்லவில்லை, நீங்கள் சொல்லிவிட்டீர்கள்

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். வயது 26. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சென்ற மாதம் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தின் காலை நிகழ்ச்சியில், "குப்பை அள்ளுகிறவர்கள் ஏறினால் பஸ்ஸில் மூச்சுவிட முடியவில்லை, அவர்களுக்குத் தனி பஸ் விடலாம்" என்று தொகுப்பாளர் சொல்லிச் சிரித்தார். அம்மா அப்போது டீக்கடை வாசலில், கையில் துடைப்பத்தோடு நின்று அதைக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு, டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாராம். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. நான் வெளியிட்ட வீடியோவை நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். நிலைய வாசலில் போராட்டம் நடந்தது, நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று அவர் ஒரு வரி எழுதியதோடு சரி. இப்போது 25 லட்சம் ரூபாய் கேட்டு எனக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அவர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் அவதூறுச் சட்டத்திலும் வழக்குத் தொடர வேண்டும். என்ன செய்வது?

பதில்: நீங்கள் இணைத்திருந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். பதினோரு நிமிடம் நானும் உங்கள் பக்கம்தான். மீதி ஒரு நிமிடத்தில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. அதில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்படுபவர், நீங்கள்.

முதலில் உங்கள் ஆசையை முடித்துவிடுகிறேன். அவதூறு வழக்கைப் பாதிக்கப்பட்ட நபர்தான் தொடர முடியும். ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னதும் அவதூறாகலாம், ஆனால் இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய கூட்டமாக அது இருக்க வேண்டும். 1971-ல் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானத்தைப் பற்றிய செய்திக்காகப் பத்திரிகை மீது தொடர்ந்த வழக்கில் (நரசிம்மன் எதிர் சொக்கப்பா, 1972) உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நடிகை குஷ்பு 2005-ல் சொன்ன கருத்துக்காகத் பெரும்பாலும் தமிழகத்தில் தொடுத்த 23 வழக்குகளும் 2010-ல் ரத்தானதற்கு இதுவும் ஒரு காரணம். தொகுப்பாளர் உங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. எந்த ஊர், எந்த வார்டு என்றும் சொல்லவில்லை. நாடு முழுக்க உள்ள தூய்மைப் பணியாளர்கள் அனைவருக்காகவும் நீங்கள் ஒருவர் அவதூறு வழக்குப் போட முடியாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதியின் காரணமாக இழிவுபடுத்தியதைக் கேட்கிறது. கேரள யூடியூபர் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் அதை மறுபடியும் அழுத்திச் சொல்லியிருக்கிறது. அவர் சாதிப் பெயர் எதையும் சொல்லவில்லை, தொழிலைச் சொன்னார். அந்தத் தொழிலையும் சாதியையும் நம் ஊர் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்து வாதாடலாம், வெல்வோம் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. தனியார் எஃப்.எம். நிலையங்கள் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே தேதி, நேரம், அலைவரிசை, ஒலிப்பதிவு ஆகியவற்றுடன் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையத்துக்கும் புகார் அனுப்புங்கள். பதிவைச் சீக்கிரம் கேளுங்கள், நிலையங்கள் அதை என்றைக்கும் வைத்திருப்பதில்லை.

இனி அந்த ஒரு நிமிடம். "அவன் குடித்துவிட்டுத்தான் மைக் முன்னால் உட்காருவான்" என்கிறீர்கள். "கூட வேலை பார்த்த பெண்ணிடம் தவறாக நடந்து, முந்தைய நிலையத்திலிருந்து துரத்தப்பட்டவன்" என்கிறீர்கள். பிறகு அவர் மனைவியின் படத்தைக் காட்டி, நான் இங்கே எழுத விரும்பாத ஒரு வாக்கியத்தைச் சொல்கிறீர்கள்.

அவர் பேசியது ஈனத்தனம், ரேடியோவில் உட்காரத் தகுதியில்லாதவர் என்று நீங்கள் ஆயிரம் முறை சொல்லலாம். அது கருத்து. ஊரறியப் பேசியவரைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. குடித்தார், துரத்தப்பட்டார் என்பவை தகவல்கள். தகவல் என்றால் நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். யாரிடம் கேட்டீர்கள்? கருத்துப் பகுதியில் யாரோ எழுதியிருந்தார்கள் என்று நீங்களே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அவர் பெயரை முழுதாகச் சொல்லி, படத்தையும் காட்டியிருக்கிறீர்கள். நீங்கள் தாண்ட முடியாத 'பாதிக்கப்பட்ட நபர்' என்ற வாசலை அவர் சுலபமாகத் தாண்டிவிடுவார்.

மனைவியின் படம் இதைவிட மோசம். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்துவது அதே சட்டத்தின் 79-வது பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. அவதூறுக்குத் தொகுப்பாளர் நீதிமன்றம் போக வேண்டும், இதற்குப் போலீஸ் நேரே வழக்குப் பதியலாம். அந்தப் பெண் ரேடியோவில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உங்கள் அம்மா செய்யாத தவறுக்கு அவமானப்பட்டார் என்றுதானே இத்தனையும் தொடங்கியது, தம்பி? அந்தப் பெண்ணும் ஒரு தவறும் செய்யவில்லை.

இந்த இடத்தில், வழக்குக்காக வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பலர் இரண்டாவது பள்ளத்தில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் வந்தவுடன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரலையில் வருவார்கள். "இதைச் சொன்னதற்குத்தான் நோட்டீஸ்" என்று பழைய வார்த்தைகளை மறுபடியும் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் புதிய வெளியீடு, எதிர்த்தரப்புக்குப் புதிய சாட்சியம். ஒருவர் எழுத்தராக வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். போராட்டத்தில் முன்வரிசையில் நின்ற நூறு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் மூன்று ஆண்டு வாய்தா வாய்தாவாக என் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் எழுதப் போகும் தேர்வின் விண்ணப்பத்தில் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்று கேட்பார்கள். உண்டு என்று எழுதினால் விளக்கம் சொல்லியே மாள வேண்டும். மறைத்தால் வேலை கிடைத்த பிறகும் போகும்.

வீடியோவை எடுத்துவிட்டால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை 2018-ல் பகிர்ந்த எஸ்.வி.சேகர் அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024-ல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் எழுதியதுகூட இல்லை, பகிர்ந்தது. ஆகவே வீடியோவைப் பொதுப் பார்வையிலிருந்து இன்றே எடுங்கள், ஆனால் முழுப் பிரதியை வக்கீலிடம் கொடுத்து வையுங்கள். சாட்சியத்தை அழித்தார் என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

அடுத்த வாரம் அவர் வீட்டு முன் கூடப்போவதாக நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தடுத்துவிடுங்கள். 2007-ல் டெல்லி எஃப்.எம். தொகுப்பாளர் ஒருவர் 'இந்தியன் ஐடல்' பாட்டுப் போட்டியில் வென்ற பிரசாந்த் தமாங்கை முன்வைத்துக் கூர்க்கா மக்களை இழிவாகப் பேசியபோது மேற்கு வங்கத்தின் சிலிகுரி கலவரமாகி, ராணுவம் இறங்கியது. பேசியவர் டெல்லியில் இருந்தார். அடிபட்டவர்கள் சிலிகுரியில் இருந்தார்கள்.

என் ஆலோசனை சமரசம். கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். அவர் நிலையும் நன்றாக இல்லை: நிகழ்ச்சி போயிருக்கிறது, அமைச்சகப் புகார் வந்தால் நிலையம் அவரைக் காப்பாற்றாது. நோட்டீஸுக்கு நீங்களே பதில் எழுதாமல் வக்கீல் மூலம் பேசுங்கள். குடித்தார், துரத்தப்பட்டார் என்ற இரண்டு வாக்கியங்களையும் நீங்கள் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். அவர் மனைவியிடம் தனியாக மன்னிப்புக் கேளுங்கள், அதற்கு நிபந்தனை வைக்க வேண்டாம். பதினோரு நிமிடத்தில் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பதிலுக்கு அவர் நோட்டீஸைத் திரும்பப் பெற வேண்டும், இனி இருவரும் வழக்குத் தொடர மாட்டோம் என்று கையெழுத்திட வேண்டும். அதோடு, அதே நிலையத்தில், அதே காலை நேரத்தில், 'புண்பட்டிருந்தால்' என்ற சொல் இல்லாத மன்னிப்பை அவர் தன் குரலில் படிக்க வேண்டும். குற்ற வழக்கில் ஜெயித்தாலும் இதை எந்த நீதிபதியும் உங்களுக்கு வாங்கித் தர முடியாது. சமரசத்தில் கேட்கலாம், கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸில் பதினைந்து நாள் கெடு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கைக்கு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, தபால் உறையையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே ஒரு வக்கீலைப் பாருங்கள்.