குளிர்கால பீரில் கிராம்பு மணம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பெல்ஜியத்தின் லூவன் நகரில் மேற்படிப்பு படிக்கிறேன். சிறிய மதுவாலை ஒன்று குளிர்காலத்துக்கென்றே தயாரிக்கும் கரும்பழுப்பு நிற பீரை நண்பர்கள் வாங்கித் தந்தார்கள். ஆல்கஹால் 10 சதவீதம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்தபோது இருமல் மருந்தைப் போலக் காரமும் கசப்புமாகவே இருந்தது. பேச்சுவாக்கில் வெகுநேரம் கழித்து மிச்சத்தைக் குடித்தபோது கிராம்பு மணம் தூக்கலாகத் தெரிந்தது. புட்டியின் லேபிளிலோ கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும்தான் உள்ளன. கிராம்பு எப்படி வந்தது? இதை எப்படிச் சுவைக்க வேண்டும்?

பதில்: கிராம்பு சேர்க்காமலே கிராம்பு மணம் வருவது பெல்ஜிய பீர்களில் சர்வ சாதாரணம், அதற்குக் காரணம் ஈஸ்ட். வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்திய மால்ட்டில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை, அந்நாட்டு மதுவாலைகள் பயன்படுத்தும் ஈஸ்ட் வகைகளில் பல, நொதிக்கும்போது 4-வினைல் குவையக்கால் என்ற சேர்மமாக மாற்றிவிடுகின்றன. கிராம்புக்கு மணம் தரும் யூஜெனாலும் இதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், நம் மூக்கு இதையும் கிராம்பாகவே எடுத்துக்கொள்கிறது. கூடவே வாழைப்பழ வாசனை எட்டிப்பார்த்திருந்தால் அதுவும் ஈஸ்ட் தந்த எஸ்டர் என்ற பழ மணச் சேர்மத்தின் வேலைதான்.

தனியாகச் சேர்க்கும் மசாலா, என் கருத்தில், பின்பாட்டு பாடினால் போதும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் 1982-இல் தொடங்கப்பட்ட அஷூஃப் மதுவாலையின் ‘நைஸ் ஷூஃப்’ என்ற 10 சதவீதக் குளிர்கால பீரில் தைம் இலையும் குராசாவ் என்ற கசப்பு ஆரஞ்சின் தோலும் சேர்கின்றன. ஆனாலும் முதலில் முன்வந்து நிற்பவை கருத்த மால்ட்டும் ஈஸ்ட்டும்தான். மசாலாவே முந்திக்கொண்டால், அடியில் உள்ள பீர் மெலிந்தது என்று சந்தேகப்படலாம்.

இனிச் சுவைக்கும் முறை. கடுங்குளிர் மணத்தை அமுக்கிவிட்டு, கசப்பையும் வாயுவின் சுருக்கென்ற காரத்தையும் மட்டும் முன்னே தள்ளும். உங்களுக்கு முதலில் நேர்ந்தது அதுதான். ஆகவே 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை சூடேறவிட்டு, காம்பு வைத்த அகன்ற கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுங்கள். புட்டியின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்குமாகையால், கடைசி ஒரு விரற்கடை அளவை முதலில் புட்டியிலேயே நிறுத்திக்கொண்டு, தெளிந்த பகுதியை முகர்ந்து, ஒரு மிடறு விழுங்கியதும் வாயை மூடி மூக்கின் வழியாக மூச்சை விடுங்கள். ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லியும் அப்போதுதான் பிரிந்து தெரியும். பிறகு அடிமண்டியைச் சேர்த்தால் பீர் கலங்கி, ரொட்டி மாவின் வாசனையும் சற்றுக் கூடுதல் கசப்பும் வரும். எனக்குத் தெளிந்ததே பிடிக்கும்.

கேள்வி: மீதமுள்ள புட்டிகளை அடுத்த குளிர்காலம் வரை வைத்திருக்கலாமா? குடிக்கும் அளவு எவ்வளவு?

பதில்: இந்த வலிமையில் தாராளமாக வைக்கலாம், இருட்டான, குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். நாளடைவில் கிராம்பும் ஆரஞ்சும் மங்கி, உலர்ந்த அத்தியும் திராட்சையும் ஷெர்ரி ஒயினும் நினைவுக்கு வரும் சுவை தலையெடுக்கும். மசாலா மணத்துக்காகவே விரும்புகிறீர்கள் என்றால் காத்திருக்க வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, 330 மில்லி புட்டியில் 10 சதவீதம் என்றால் 33 மில்லி தூய ஆல்கஹால். நம் ஊரில் கிடைக்கும் 650 மில்லி, 5 சதவீத பீர்ப் புட்டியில் உள்ளதும் ஏறத்தாழ அதே அளவுதான். இத்தகைய வலுவான பெல்ஜிய பீர்களில் வழக்கமாகச் சேர்க்கும் கேண்டி சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடுவதால், வலிமைக்கேற்ற கனம் நாக்கில் தெரியாது. பெல்ஜியத்தில் கார் ஓட்டுவோருக்கான பொது வரம்பு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம்; எனவே அன்று இரவு இரயிலிலோ பேருந்திலோ வீடு திரும்புங்கள்.