ஜெபிக்க உட்கார்ந்தாலும் வேலைக் கவலை விடுவதில்லை, என்ன செய்யலாம்?

மனம் அலைவது விசுவாசக் குறைவு அல்ல. பகலில் முடியாமல் போனதெல்லாம் அமைதி கிடைத்ததும் மேலே வரும். அதை விரட்டாமல், அதையே ஜெபமாக்குங்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் கற்பித்த ஆன்ம சோதனை, அதாவது கடவுள் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபம், இதற்கு மிகப் பொருத்தம்.

தூக்கம் வருமுன், நாற்காலியில் அமர்ந்து 15 நிமிடம். படுக்கையில் வேண்டாம், பாதியிலேயே உறங்கிவிடுவீர்கள். முதலில் நன்றி: "எல்லாவற்றுக்கும்" என்று பொதுவாகச் சொல்லாமல், இன்று நடந்த இரண்டு மூன்றைப் பெயர் சொல்லி. பிறகு உண்மையைப் பார்க்க அருள் கேளுங்கள். அடுத்து, காலை முதல் மணிக்கு மணி நாளைத் திரும்பிப் பாருங்கள். எங்கே பதறினீர்கள், எதற்குப் பயந்தீர்கள்? தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம் எடுத்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்கும் இடம் நன்றியைத் தாண்டி நேரே தவறுகளுக்குப் போவதுதான். அப்போது ஜெபம் சுயவிசாரணையாகி, பாரம் கூடுகிறது. "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று இயேசு அழைத்தது (மத்தேயு 11:28) இளைப்பாறுதல் தரத்தான்!

வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் மருத்துவரையும் பாருங்கள். அது ஜெபத்துக்கு எதிரானதல்ல.