குரல் உடையும் இடம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் யாருக்கோ பதில் எழுதும்போது, அமெரிக்காவின் பழைய கன்ட்ரி பாட்டும் ப்ளூஸும் எனக்கு உயிர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே.

கேள்வி: கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். உங்களுக்கும் இந்தப் பாட்டுகளுக்கும் எப்படி முடிச்சு விழுந்தது? – வாசகர், மன்னார்குடி

எல்லாம் பொன்மலை ரயில்வே காலனியின் உபயம். எங்கள் வீட்டுக்கு நேரெதிரே ஒரு ஆங்கிலோ-இந்திய டிரைவர் குடியிருந்தார். மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் ஓட்டுபவர். டூட்டி முடிந்து வந்தால் சோறு கேட்க மாட்டார். முதலில் மரத்தூளும் சோப்பும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். நகக்கண்ணில் கரி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் ரிக்கார்டை உறையிலிருந்து எடுப்பார். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில், விளிம்பை மட்டும் தொட்டு, கோயில் பிரசாதம் மாதிரி.

பெரும்பாலும் ஜிம் ரீவ்ஸ்தான். டெக்சாஸ்காரர், முதலில் பேஸ்பால் விளையாட்டுக்காரர், அப்புறம் வானொலி அறிவிப்பாளர். 1964 ஜூலை 31-ஆம் தேதி, தானே ஓட்டிய சிறு விமானம் நாஷ்வில் அருகே புயல் மழையில் விழுந்து, நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார். கத்திப் பாடிப் பழகிய கன்ட்ரி உலகத்தில், மைக்குக்கு உதடு உரசுகிற தூரத்தில் நின்று மெல்லப் பேசுவதுபோலப் பாடியவர். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். நம் ஊர் ரயில்வே காலனிகளிலும் இலங்கையிலும் அவருக்கு அத்தனை பேர் மயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி. இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் அவர் குரல் வந்தால் எங்கள் தெருவில் நாலு வீட்டு ரேடியோ ஒரே சமயத்தில் சத்தம் கூடும்.

அந்த டிரைவர் அங்கிள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது எனக்கு ஒரு ரிக்கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கிருந்து பின்னோக்கிப் போனேன். ரீவ்ஸுக்கு முன்னால் யார், அவருக்கும் முன்னால் யார் என்று.

கேள்வி: கன்ட்ரி வெள்ளைக்காரர் பாட்டு, ப்ளூஸ் கறுப்பினத்தவர் பாட்டு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறீர்களே? – வாசகர், ஈரோடு

ஐயா, நீங்கள் சொல்வது கடைக்காரர் கணக்கு. 1920-களில் ரிக்கார்டு கம்பெனிகள் விற்பனைப் பட்டியலை இரண்டாகப் பிரித்தன. கறுப்பினத்தவர் வாங்குவதற்கு ‘ரேஸ்’ ரிக்கார்டு. மலைநாட்டு வெள்ளைக்காரர் வாங்குவதற்கு ‘ஹில்பில்லி’. பாடுகிறவர்கள் அப்படிப் பிரிந்து இருக்கவில்லை. ஒரே பருத்திக்காடு, ஒரே தண்டவாளம், பல சமயம் ஒரே பாட்டு.

ஜிம்மி ராட்ஜர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1897-இல் பிறந்தவர், மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் ஊர்க்காரர். கன்ட்ரி இசையின் தகப்பன் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். அப்பா ரயில்வேயில் கேங் மேஸ்திரி. பையனுக்குக் கேங்கில் தண்ணீர் சுமக்கிற வேலை. தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைக்குத் தகுந்தபடி பாடுகிற பாட்டுதான் அவன் காதில் முதலில் ஏறியது. பின்னால் அவர் ‘ப்ளூ யோடல்’ என்று வரிசை எண் போட்டுப் பாடிய பாட்டுகள் உருவத்தில் அசல் ப்ளூஸ்தான். அதில் ஒன்பதாம் எண்ணை 1930 ஜூலையில் ஹாலிவுட்டில் பதிந்தபோது பக்கத்தில் டிரம்பெட் ஊதியது யார் தெரியுமா? ஜாஸ் இசையின் கறுப்பின மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோவில் அவர் மனைவி லில். இப்போது சொல்லுங்கள், அந்த ரிக்கார்டை எந்த அடுக்கில் வைப்பீர்கள்?

கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் இன்னொருவர். அலபாமாவில் பையனாக இருந்தபோது, ‘டீ-டாட்’ என்று ஊர் அழைத்த ரூஃபஸ் பெயின் என்ற கறுப்பினத் தெருப்பாடகர் பின்னாலேயே சுற்றினார். ஹேங்கின் அம்மா போட்ட சாப்பாடுதான் பெரும்பாலும் குருதட்சிணை. தனக்குக் கிடைத்த சங்கீதப் பயிற்சி முழுவதும் அவர் கொடுத்தது என்று ஹேங்க் பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார். அது தெரியாமலே ரூஃபஸ் 1939-இல் இறந்துபோனார். சீடன் புகழ் பெற இன்னும் பத்து வருஷம் இருந்தது.

கன்ட்ரி பாட்டுக் குழுவான கார்ட்டர் குடும்பத்து ஏ.பி. கார்ட்டர் வர்ஜீனியா, டென்னசி மலைகளில் வீடு வீடாகப் போய்ப் பழைய பாட்டுகளைச் சேகரித்தவர். வார்த்தைகளை எழுதிக்கொள்வார். மெட்டு நிற்காது. அதற்காகவே கூடப் போனவர் லெஸ்லி ரிடில். கறுப்பினத்தவர், விபத்தில் ஒரு காலை இழந்தவர், ஒருமுறை கேட்டால் மெட்டு மனசில் பதிந்துவிடும். ரிக்கார்டு உறையில் ஏ.பி.யின் பெயர் இருக்கும். ரிடிலின் பெயர் இருக்காது.

எனக்கு அதிகம் வலிப்பது டிஃபோர்டு பெய்லி கதை. நாஷ்வில் வானொலியில் மவுத் ஆர்கன் வாசித்த கறுப்பினக் கலைஞர். லூயிவில்–நாஷ்வில் தடத்தில் ஓடிய ‘பான் அமெரிக்கன்’ எக்ஸ்பிரஸை அப்படியே வாயில் ஓட்டிக் காட்டுவார். மணியடித்துக் கிளம்புவது, வேகம் பிடிப்பது, தூரத்தில் கூவுவது எல்லாம் கேட்கும். தண்டவாள இணைப்பில் சக்கரம் தட்டுகிற தட்டு வேகத்துக்கு ஏற்ப நெருங்கி நெருங்கி வருவதை அவர் பிசகாமல் பிடித்திருப்பதை, பிரேக் வேனில் வயதைக் கழித்த நான் சாட்சி சொல்கிறேன். 1927-இல் ஓர் இரவு ஆபரா சங்கீத நிகழ்ச்சி முடிந்து அவர் இந்த ரயிலை வாசித்ததும், அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, இதுவரை கேட்டது கிராண்ட் ஆபரா, இனி நம்முடைய ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்று, ஆபரா என்ற சொல்லைப் பட்டிக்காட்டு உச்சரிப்பில் வேடிக்கையாகச் சொல்ல, அதுவே அந்த நிகழ்ச்சிக்கு இன்றுவரை பெயராகிவிட்டது. பெயர் விழக் காரணமான மனுஷனை 1941-இல் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அப்புறம் நாஷ்வில்லிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 1982-இல் காலமானார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தது 2005-இல்.

கேள்வி: வீட்டில் என்ன சொல்கிறார்கள்? – வாசகி, கரூர்

ஹேங்க் வில்லியம்ஸுக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் ‘அழுமூஞ்சி’. ஆனால் அடுப்படியில் அவர் முணுமுணுப்பது பல நாள் அந்த அழுமூஞ்சியின் மெட்டுதான். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்வதில்லை.

கேள்வி: யோடல் என்றால் என்ன? நம் ஊர்ச் சினிமாவில் வரும் ‘யோடலே’ மாதிரியா? – கல்லூரி மாணவி, திண்டுக்கல்

அதேதான் அம்மா. நெஞ்சிலிருந்து வரும் குரலில் பாடிக்கொண்டிருப்பவர் சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவி, தாவிய வேகத்தில் திரும்பி வருவது. இரண்டு குரலுக்கும் நடுவில் ஒரு விரிசல் இருக்கும். நம் பாட்டு வாத்தியார்கள் அந்த விரிசல் தெரியாமல் பூசச் சொல்வார்கள். தெரிந்தால் தொடையில் அடி விழும். இவர்கள் அந்த விரிசலையே பாட்டாக்கினார்கள். எனக்கு இந்த இசையில் பிடித்தது எது என்று ஒரே சொல்லில் கேட்டால், அந்த உடைசலைத்தான் சொல்வேன்.

ஆல்ப்ஸ் மலை இடையர்கள் யோடல் செய்வார்கள், உற்சாகமாக இருக்கும். ஜிம்மி ராட்ஜர்ஸ் அதைக் கொண்டுவந்து ப்ளூஸின் ஒவ்வொரு கண்ணி முடிவிலும் செருகினார். உற்சாகம் போய், இரவில் தூரத்து எஞ்சின் கூவுவதுபோல் ஆகிவிட்டது. அவருக்கு ‘பாடும் பிரேக்மேன்’ என்றுதான் பட்டம். அந்தக் காலத்து அமெரிக்க பிரேக்மேன், வண்டியின் கூரைமேல் ஏறி நடக்கவும், பிரேக் போடக் கைச்சக்கரத்தைத் திருகவும் வேண்டியிருந்தது. பனியிலும் மழையிலும் அந்த வேலை. 1924-இல் காசநோய் என்று தெரிந்தது, ரயில் வேலை போனது, பாட்டு வேலை வந்தது.

1933 மே மாதம், நியூயார்க்கில் கடைசிப் பதிவு. ஸ்டூடியோவிலேயே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டு, படுக்கை. இன்னொரு பாட்டு, படுக்கை. 24-ஆம் தேதி பதிவு முடிந்தது. 26-ஆம் தேதி இறந்தார், வயது 35. உடலை மெரிடியனுக்கு ரயிலில்தான் கொண்டுபோனார்கள்.

கேள்வி: ப்ளூஸில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்களே, வேறு வரி கிடைக்கவில்லையா? – வாசகர், சிதம்பரம்

கச்சேரியில் ஒரு வரியைச் சங்கதி சங்கதியாகப் பாடினால் தலையாட்டுகிறீர்கள், இதற்கு மட்டும் கணக்குக் கேட்கிறீர்கள்! கணக்கு இதுதான். ஒரு கண்ணிக்குப் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று), பாருக்கு நாலு தட்டு, ஆக 48 எண்ணிக்கை. அதில் மூன்று வரி. முதல் வரியைச் சொல்வார், அதையே மறுபடி சொல்வார், மூன்றாவது வரியில் பதில் சொல்வார். ஒவ்வொரு வரிக்கும் நாலு பார் இருந்தாலும் பாட்டு ஏறக்குறைய பாதியிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியில் கிட்டார் பேசும். தமிழில் நானே ஒன்று கட்டிப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்:

கடைசி வண்டி போயிடுச்சு, கை காட்டக்கூட ஆளில்லை.
ஆமாம், கடைசி வண்டி போயிடுச்சு, கை காட்டக்கூட ஆளில்லை.
விளக்கு அணைஞ்சு போச்சு, வண்டிச் சத்தம் மட்டும் போகலை.

மற்ற வண்டிகளுக்கு வழிவிட, லூப் லைன் என்ற பக்கத் தடத்தில் கூட்ஸைப் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் மறந்துவிடுவார்கள். அப்போது கட்டியது.

ராகம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில், இரண்டிலும் சேராமல் ஓர் இடம் இருக்கிறது. ப்ளூஸ் பாடகர் அங்கேதான் குடியிருப்பார். அந்த இடத்தைக் கிட்டாரின் கட்டைகளால் கொடுக்க முடியாது. அதனால்தான் கண்ணாடிப் புட்டியின் கழுத்தை உடைத்து விரலில் மாட்டிக் கம்பியில் வழுக்கினார்கள். கோட்டுவாத்தியம் கேட்டிருந்தால் இந்த வழுக்கல் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

1903 வாக்கில் டபிள்யூ.சி. ஹேண்டி என்ற பேண்டு வாத்தியக்காரர் மிசிசிப்பியில் டட்வைலர் ரயில் நிலையத்தில், லேட்டான வண்டிக்குக் காத்திருந்து தூங்கிப்போனார். விழித்தபோது பக்கத்தில் கந்தல் உடுத்திய ஒருவர் கிட்டார் கம்பியில் கத்தியை அழுத்தி வழுக்கி வாசித்துக்கொண்டிருந்தார். ‘சதர்ன்’ தடம் ‘டாக்’ தடத்தைக் குறுக்கே வெட்டும் இடத்துக்குப் போகிறேன் என்று ஒரே வரியை மூன்று முறை பாடினார். அது மூர்ஹெட் என்ற ஊரில் இரண்டு ரயில் பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடம். நாற்பது வருஷம் கழித்தும் ஹேண்டி அதை மறக்காமல் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். ப்ளூஸைப் பற்றிக் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று, ரயில் லேட்டானதால் கிடைத்தது. இனி லேட்டான வண்டிக்காக என் துறையைத் திட்டாதீர்கள்.

கேள்வி: ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் பேயிடம் ஆன்மாவை விற்றுத்தான் கிட்டார் கற்றாராமே? – வாசகர், தூத்துக்குடி

இல்லை தம்பி. ஐக் சிம்மர்மன் என்ற மனுஷனிடம் கற்றார். யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்க இருவரும் ராத்திரியில் கல்லறைக் கல்லின்மேல் உட்கார்ந்து சாதகம் செய்ததாகச் சொல்வார்கள். பேய்க்கதை முளைக்க அது போதாதா? 1936-லும் 37-லும் டெக்சாஸில் 29 பாட்டுகளைப் பதிந்துவிட்டு, 1938-இல் 27 வயதில் இறந்தார். உழைத்துக் கற்றவனுடைய பெருமையைப் பேய்க்குக் கொடுப்பது அநியாயம்.

கேள்வி: அந்த அங்கிள் கொடுத்த ரிக்கார்டு இன்னும் இருக்கிறதா? – வாசகி, விருத்தாசலம்

இருக்கிறது. நடுவில் கூட வேலை பார்த்த ஒருவர் கிறிஸ்துமஸுக்கு இரவல் வாங்கிப்போய், பொங்கல் முடிந்து திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு நீளக் கீறல். முள் ஒரு சொல்லைத் தாண்டி அடுத்த சொல்லில் போய் விழும். இப்போது அதே பாட்டைச் செல்போனில் சுத்தமாகக் கேட்கிறேன். அந்தச் சொல் முழுசாக வரும்போது, யாரோ தப்பாகப் பாடிவிட்டதுபோல் இருக்கிறது.

கேள்வி: கிட்டார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இந்தப் பாணியில் எதிலிருந்து தொடங்கலாம்? – மாணவர், நாகர்கோவில்

மேபெல் கார்ட்டரின் கட்டைவிரலிலிருந்து. 1927 ஆகஸ்ட் முதல் தேதி, டென்னசி–வர்ஜீனியா எல்லை ஊரான பிரிஸ்டலில், விக்டர் ரிக்கார்டு கம்பெனியின் ரால்ஃப் பியர் முன்னால் கார்ட்டர் குடும்பம் பாடியது. மலைப்பாதையில் கார் டயர் பஞ்சராகி, ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். மேபெலுக்கு வயது 18, அடுத்த மாதம் முதல் பிள்ளை. மூன்றே நாள் கழித்து அதே அறையில் ஜிம்மி ராட்ஜர்ஸும் பதிந்தார். அது வேறு கதை.

மேபெல் என்ன செய்தார் என்றால், மேலே இருக்கும் தடிமனான கம்பிகளில் கட்டைவிரலால் மெட்டை வாசித்தார். அதே சமயம் ஆட்காட்டி விரலால் கீழ்க் கம்பிகளைத் துடைப்பதுபோல் தட்டித் தாளம் கொடுத்தார். கிட்டார் ஒன்று, ஆள் இருவர் மாதிரி கேட்கும். முதலில் மெட்டு வேண்டாம். கட்டைவிரல் ஒரு தட்டு, ஆட்காட்டி ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஒரு வாரம் மெதுவாக இதையே செய்யுங்கள், பாசஞ்சர் வண்டி ஸ்டேஷனை விட்டு நகருகிற வேகத்தில். அப்புறம் மெட்டைக் கட்டைவிரலில் ஏற்றுங்கள்.

விரல் எரியும். எரிகிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவிவிடாதீர்கள், கம்பி துருப்பிடிக்காது, ஆனால் விரல் வழுக்கும்.