துப்பாக்கி இடுப்பில் இருந்தால் போதுமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகன் பொலிஸ் கான்ஸ்டபிளாகத் தெரிவாகி, பயிற்சிக்குப் போகக் காத்திருக்கிறான். சிறு வயதில் கராத்தே பழகியவன். இப்போது, 'இடுப்பில் துப்பாக்கி வரப்போகிறது, இனிக் கைப்பயிற்சி எதற்கு?' என்கிறான். விட்டுவிடலாமா?"

விட வேண்டாம். துப்பாக்கி வரப்போவதால்தான் பழக வேண்டும்.

2017 யூலை 22 அன்று நல்லூரில் நடந்தது நினைவிருக்கும். நீதிபதி இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்டின் கைத்துப்பாக்கியைப் பறித்தே ஒருவன் சுட்டான். சார்ஜன்ட் உயிரிழந்தார். அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. திடீர்ப் பறிப்பில் யாரும் தடுமாறுவார்கள். ஆனால் ஆயுதம் தரித்தவர் முதலில் பழக வேண்டியது, அதைப் பறிகொடுக்காமல் இருப்பதைத்தான். யாரோடு பேசினாலும் துப்பாக்கி உள்ள பக்கம் பின்னால் இருக்கும்படி நிற்க வேண்டும். எவனாவது பிடித்துவிட்டால், அவனுடைய கையை உறையோடு சேர்த்து அழுத்தி, இடுப்பை வெட்டித் திருப்பி, மற்றக் கையால் ஆளைத் தள்ள வேண்டும். வாசித்தால் இது வராது. ரப்பர்த் துப்பாக்கியோடு, எதிரில் ஓர் ஆளை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும்.

"கத்தியோடு வந்தால் சுடுவேன்" என்பான் மகன். அமெரிக்காவின் சால்ட் லேக் நகரப் பொலிஸ் பயிற்றுநர் டெனிஸ் டூலர் 1983இல் எழுதிய கணக்கு இது: கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி போதும், பயிற்சி பெற்றவர் துப்பாக்கியை உருவிச் சுடவும் அவ்வளவு நேரம் வேண்டும். எங்கள் ஒழுங்கைகளில், இரண்டு பக்கமும் வேலி நெருக்க, 21 அடிக்கு எங்கே போவது? அதற்காக வாளை வெறுங்கையால் பிடிக்கப் பழக்கும் ஆசானிடம் மகனை அனுப்பிவிடாதீர்கள். விலகவும், வாகனத்தை இடையில் வைக்கவும், உருவுவதற்கு நேரம் தேடிக்கொள்ளவும் காலும் உடம்பும் பழகியிருந்தால் போதும்.

கராத்தே வீண்போகாது. ஆனால் அது பெரும்பாலும் அடி, உதை. பொலிஸ்காரருக்கு அன்றாடம் வருவதோ வெறிகாரரையும், கைதுக்கு மறுப்பவரையும் காயப்படுத்தாமல் பிடிக்கும் வேலை. தேவைக்கு மேல் பலத்தைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. ஆகவே மீதி மாதங்களுக்கு ஜூடோவே என் தெரிவு. ஜப்பானியப் பொலிஸார் ஜூடோ பழகுவதும் காரணமில்லாமல் அல்ல. பிடி, சமநிலை, விழுந்தால் எழும்புவது எல்லாம் அதில் உண்டு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். குப்புற விழுத்தி விலங்கிட்டவரின் கழுத்திலோ முதுகிலோ ஏறியிருக்கக் கூடாது. உடனே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபோலிசில், விலங்கிடப்பட்டுக் குப்புறக் கிடந்த ஜோர்ஜ் ஃபுளொய்ட் இறந்தது, ஒன்பது நிமிடங்களுக்கு மேல் கழுத்தில் அழுந்திய பொலிஸ்காரர் ஒருவரின் முழங்காலால்.

இன்னொன்று, கைக்கும் முந்தியது வாய். யாழ்ப்பாணத்தில் தமிழ் பேசும் பொலிஸ்காரர் தணித்துவிடக்கூடிய எத்தனையோ தகராறுகள் மொழி புரியாமல் கைகலப்பாகின்றன. தெற்கில் கடமை கிடைத்தால் இதே சிக்கல் உங்கள் மகனுக்கும் வரும். மாலையில் ஜூடோ என்றால், காலையில் சிங்களம் படிக்கச் சொல்லுங்கள்.